ஜி.எஸ்.டி. ரோட்டில் குடும்பத்தோடு: சென்னை முதல் மதுரைவரை எங்கெங்கே நிறுத்தலாம்?

சென்னையிலிருந்து மதுரை ஏறத்தாழ 460 கிலோமீட்டர். தனியாக ஓட்டுகிறவர் விடிகாலையில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்கு மதுரையில் இருப்பார். பின்சீட்டில் எழுபதைத் தாண்டிய அம்மா, பக்கத்தில் ஆறு வயதுப் பையன், டிக்கியில் மூன்று பெட்டி, காலடியில் ஒரு தூக்குவாளி என்று கிளம்பும்போது அந்தக் கணக்கு செல்லாது. முதல் தடவை அது தெரியாமல்தான் கிளம்பினேன். ஒரே நாளில் ஏழு இடம் பார்ப்பதாகப் பட்டியல் போட்டிருந்தேன். மூன்றாவது இடத்துக்குப் போனபோது கோயில் நடை சாத்தியிருந்தது. ஐந்தாவது இடம் வருவதற்குள் பையன் வாந்தி எடுத்துவிட்டான். மதுரைக்குள் நுழைந்தபோது இரவு பதினொன்று. அம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் அடுத்த இரண்டு நாளும் கால் வீங்கி, போன வீட்டைவிட்டு வெளியே வரவில்லை.

அதற்குப் பிறகு இந்தச் சாலையில் பொங்கலுக்கும் மே மாத லீவுக்குமாகப் பல தடவை போய்வந்தாகிவிட்டது. முதல் தடவையாக வீட்டுப் பெரியவர்களையும் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு இந்த வழியில் கிளம்புகிறவர்களுக்காக, எங்களுக்குப் பலித்ததை இங்கே எழுதுகிறேன்.

சாலையைப் பற்றி முதலில்

ஜி.எஸ்.டி. என்றால் இன்று எல்லோருக்கும் வரிதான் ஞாபகம் வரும். தாம்பரத்துக்காரர்களுக்கு அது கிராண்ட் சதர்ன் டிரங்க் ரோடு. கத்திப்பாராவில் தொடங்கித் தெற்கே போகும் இந்தப் பெருஞ்சாலைக்குப் பழைய எண் 45. அந்தப் பழைய 45 திருச்சியில் திண்டுக்கல் பக்கம் திரும்பிவிடும்; மதுரைக்குப் பிரிந்தது 45பி. எண்களை மாற்றிய பிறகு சென்னையிலிருந்து திண்டிவனம்வரை 32, திண்டிவனத்திலிருந்து விழுப்புரம்வரை 132, அங்கிருந்து திருச்சி வழியாக மதுரைவரை 38. வழியில் எண் மாறுகிறதே என்று பதற வேண்டாம், சாலை ஒன்றுதான்.

தெற்கத்திச் சாலைகளில் நடந்தும் மாட்டுவண்டியிலும் போன காலத்தில் தங்குமிடத்தையும் சேர்த்துத்தான் சாலை போட்டார்கள். 1689 முதல் 1706 வரை மதுரையை ஆண்ட ராணி மங்கம்மாள் போட்ட சாலைகளில் நிழலுக்கு மரம், குடிக்கக் கிணறு, படுக்கச் சத்திரம் எல்லாம் இருந்தன. மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே அவர் பெயர் தாங்கிய சத்திரம் இன்றும் இருக்கிறது. தலைச்சுமையை யாருடைய உதவியும் இல்லாமல் இறக்கி வைக்கச் சுமைதாங்கிக் கல் நட்டார்கள். பஸ் காலத்தில்கூடச் சாலை ஒவ்வோர் ஊரின் கடைத்தெரு வழியாகப் போனதால், நிறுத்தம் தானாக வந்தது. இப்போது பைபாஸ் எல்லா ஊரையும் ஓரமாகத் தள்ளிவிட்டது. நாமாக இறங்கினால் ஒழிய மதுராந்தகமும் இல்லை, பெரம்பலூரும் இல்லை. ஆகவே நிறுத்தங்களை வீட்டிலேயே உட்கார்ந்து குறித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

படி 1: வண்டியில் யாரால் குறைவாக உட்கார முடியும்?

அவரை வைத்துத்தான் திட்டம். ஓட்டுகிறவரின் தெம்பை வைத்து அல்ல. சர்க்கரை உள்ள பெரியவரா? ஒன்றரை மணிக்கு ஒரு தடவை கழிப்பறை வேண்டும், வேளைக்குச் சாப்பாடு வேண்டும். முட்டி வலியா? ஒரு மணி நேரத்துக்கு மேல் மடக்கிய காலோடு உட்கார வைக்கக் கூடாது. கைக்குழந்தையா? அது தூங்கும் நேரத்தில் வண்டி ஓட வேண்டும், விழித்திருக்கும் நேரத்தில் நிற்க வேண்டும்.

பெரியவர்கள் கேட்டால் "எனக்கென்ன, நீ பாட்டுக்குப் போ" என்பார்கள். அதை நம்ப வேண்டாம். கழிப்பறைக்குப் போக வேண்டியிருக்குமே என்று பலர் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் வருவார்கள். எங்கள் வீட்டில் அதுதான் நடந்துகொண்டிருந்தது, எனக்குத் தெரிய நாலு பயணம் ஆயிற்று. இப்போது கிளம்பும்போதே "அம்மா, ஏழே காலுக்கு ஒரு இடத்துல நிக்கிறோம், அடுத்தது பத்து மணிக்கு" என்று சொல்லிவிடுகிறேன். நேரம் தெரிந்ததும் தண்ணீர் குடிக்கிறார்.

படி 2: பெரிய நிறுத்தம், சின்ன நிறுத்தம்

சின்ன நிறுத்தம் என்றால் பதினைந்து இருபது நிமிடம்: கழிப்பறை, காபி, பத்தடி நடை. ஒன்றரை மணி நேரத்துக்கு ஒன்று போதும். பெரிய நிறுத்தம் என்றால் செருப்பைக் கழற்றி உள்ளே போய், சுற்றிப் பார்த்து, திரும்பி வந்து தண்ணீர் குடித்துக் கிளம்புவது. அதற்கு ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். ஒரு பகலுக்கு ஒரு பெரிய நிறுத்தம், மிஞ்சினால் இரண்டு. மூன்றாவதை எழுதும்போதே அடித்துவிடுங்கள்.

அப்படியானால் பார்க்காமல் விட்ட இடங்கள்? சாலை எங்கேயும் போய்விடாது. நாங்கள் போகும்போது இரண்டு, வரும்போது இரண்டு என்று வைத்துக்கொண்டோம். மூன்று வருஷத்தில் இந்தச் சாலையில் பார்க்க நினைத்த அத்தனையும் பார்த்தாகிவிட்டது.

படி 3: கதவு எப்போது திறந்திருக்கும்?

புதிதாகத் திட்டம் போடுகிறவர்கள் தவறுவது பெரும்பாலும் இங்கேதான். நம் பக்கத்துக் கோயில்கள் பெரும்பாலும் நண்பகலில் நடை சாத்தினால் நாலு மணிக்கு மேல்தான் திறப்பார்கள். ஆகவே கோயில் என்றால் காலை, அல்லது மாலை. கோட்டை, பாறை என்றால் திறந்தவெளி. ஏப்ரல், மே மாதங்களில் பத்தரைக்கு மேல் கல்லில் கால் வைக்க முடியாது. நண்பகல் நேரத்தைச் சாப்பாட்டுக்கும் ஓட்டத்துக்கும் விட்டுவிடுங்கள்.

கிழமையையும் பாருங்கள். பெரம்பலூரை அடுத்த சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயில் வழக்கமாகத் திங்கள், வெள்ளி ஆகிய இரண்டு நாளும் விசேஷ நாட்களும்தான் திறந்திருக்கும். மற்ற நாட்களில் அம்மன் பெரியசாமி மலைக்குப் போய்விடுவதாக ஐதீகம். குலதெய்வம் அதுதான் என்று தூரத்திலிருந்து சனிக்கிழமை வந்து, பூட்டிய கதவுக்கு முன்னால் கற்பூரம் ஏற்றிவிட்டுப் போன ஒரு குடும்பத்தை நானே பார்த்தேன். வண்டலூர் உயிரியல் பூங்காவுக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. அந்தப் பூங்கா வழியில்தானே இருக்கிறது என்று மதுரைப் பயணத்தில் சேர்க்க வேண்டாம். 600 ஹெக்டேருக்கு மேல் பரப்பு. அது தனியாக ஒரு நாளைக் கேட்கும்.

படி 4: வரைபடத்தில் எந்தப் பக்கம்?

நான்குவழிச் சாலையில் இடப்பக்க இடத்துக்கு சர்வீஸ் ரோட்டில் இறங்கினால் போதும். வலப்பக்கம் என்றால் அடுத்த பாலத்தின் அடியில் போய்த் திரும்பி வர வேண்டும், சில இடங்களில் அது நாலைந்து கிலோமீட்டர்கூட ஆகும். அவசரத்தில் எதிர்த்திசையில் சர்வீஸ் ரோட்டில் புகுந்து வருகிறவர்கள் உண்டு, தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். போகும்போது வலப்பக்கம் இருக்கும் இடம் திரும்பும்போது இடப்பக்கம் வந்துவிடும். முந்தின நாள் இரவு வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, இடத்துக்குப் பக்கத்தில் "போ", "வா" என்று எழுதிக்கொள்ளுங்கள். பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

இனி, வழி.

தாம்பரம் முதல் அச்சிறுபாக்கம்வரை

முதல் ஒரு மணி நேரம் ஊரைத் தாண்டுவதில் போய்விடும். பெருங்களத்தூர், வண்டலூர், கிளாம்பாக்கம் பஸ் நிலையம், கூடுவாஞ்சேரி என்று ஆறரைக்குள் கடந்துவிட்டால் நல்லது. பரனூர் சுங்கச்சாவடியையும் செங்கல்பட்டையும் தாண்டிப் பாலாற்றுப் பாலத்தில் ஏறும்போதுதான் வண்டிக்குள் எல்லோரும் மூச்சு விடுவார்கள்.

நவம்பர் முதல் மார்ச் வரை என்றால், படாளம் கூட்டுரோட்டில் பிரிந்து வேடந்தாங்கல் போகலாம். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். கடப்ப மரங்களில் நத்தைக்குத்தி நாரையும் கூழைக்கடாவும் கூடு கட்டி உட்கார்ந்திருப்பதைக் குழந்தைகள் கையில் ஒரு பைனாகுலரோடு பார்க்க வேண்டும். இந்த ஏரியில் பறவைகளைச் சுடக் கூடாது என்று ஊர்க்காரர்கள் 1798-லேயே கும்பினி கலெக்டரிடம் கேட்டுக் கௌல் என்ற உறுதிப் பத்திரம் எழுதி வாங்கியிருக்கிறார்கள். அந்தக் கலெக்டர் பெயர் லியோனல் பிளேஸ். பெயரை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த நிறுத்தத்திலும் வருகிறார். ஏரியில் தண்ணீர் இல்லாத வருஷம் பறவையும் இருக்காது. கிளம்புவதற்கு முன் செய்தித்தாளில் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

என்னைக் கேட்டால், இந்தச் சாலையின் முதல் பெரிய நிறுத்தம் மதுராந்தகம் ஏரிகாத்த ராமர் கோயில்தான். காலை நேரம், கூட்டம் குறைவு, பெரியவர்கள் ஏறப் படிக்கட்டுத் தொல்லை இல்லை, குழந்தைகளுக்குச் சொல்ல இரண்டு கதை. ஒன்று ஊர் அறிந்தது. மழைக்காலத்தில் ஏரிக்கரை உடையுமோ என்று பயந்து பிளேஸ் துரை இரவில் பார்க்கப் போனாராம். கரைமேல் இரண்டு இளைஞர்கள் வில்லும் அம்புமாகக் காவல் நின்றார்களாம். கரை உடையவில்லை. வேண்டிக்கொண்டபடி தாயார் சந்நிதித் திருப்பணியை அவர் முடித்துக் கொடுத்தார் என்பார்கள். அவர் பெயர் வெட்டிய கல்வெட்டு அந்தச் சந்நிதியில் இருக்கிறது, எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்த பிள்ளையைத் தேடச் சொல்லுங்கள்.

இன்னொரு கதைதான் எனக்குப் பிடித்தது. காஞ்சியிலிருந்து ராமானுஜர் ஸ்ரீரங்கத்துக்குப் போகிறார், ஆசாரியர் பெரிய நம்பியைப் பார்க்க. ஸ்ரீரங்கத்திலிருந்து பெரிய நம்பி காஞ்சிக்குப் போகிறார், ராமானுஜரை அழைத்துவர. இரண்டு பேரும் வழியில் இந்தக் கோயிலில் எதிரெதிரே சந்தித்துக்கொள்கிறார்கள். தீட்சையைக் காஞ்சிக்குப் போய்ச் செய்துகொள்ளலாமே என்கிறார் நம்பி. இங்கேயே, இப்போதே என்கிறார் ராமானுஜர். மகிழ மரத்தடியில் பஞ்ச சம்ஸ்காரம் என்ற அந்த வைணவ தீட்சை நடக்கிறது. நாமும் அதே ஸ்ரீரங்கத்துக்குத்தான் போய்க்கொண்டிருக்கிறோம் என்று சொன்னபோது என் பையன் ஜன்னலைத் திறந்து எதிர்ப்பக்கம் வருகிற வண்டிகளை எல்லாம் பார்த்துக்கொண்டு வந்தான்.

கோயிலை முடித்துவிட்டு வீட்டிலிருந்து கொண்டுவந்த இட்லியை இங்கேயே சாப்பிட்டுவிடுங்கள். மதுராந்தகத்துக்குத் தெற்கே மேல்மருவத்தூர். அங்கே கூட்டம் அதிகம். தைப்பூசத்தை ஒட்டிய நாட்களில் செவ்வாடை பக்தர்களின் பஸ்கள் வரிசையாக நிற்கும், அந்தப் பக்கம் கூடுதலாக அரை மணி நேரம் வையுங்கள். அடுத்து அச்சிறுபாக்கம். திரிபுரம் எரிக்கக் கிளம்பிய சிவபெருமான் பிள்ளையாரை நினைக்காமல் தேர் ஏறினார், தேரின் அச்சு இங்கே முறிந்தது, அதனால் அச்சு இறு பாக்கம். சம்பந்தர் பாடிய தலம். உள்ளே போக நேரம் இல்லாவிட்டாலும், ஊர்ப் பலகை கண்ணில் பட்டதும் கதையைச் சொல்லி, டயரில் காற்றுப் பார்த்தாயிற்றா என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வது எங்கள் வண்டியில் வழக்கமாகிவிட்டது.

திண்டிவனத்தில் ஒரு முடிவு

திண்டிவனத்தில் சாலை பல பக்கம் பிரியும். இடப்பக்கம் புதுச்சேரி, வலப்பக்கம் செஞ்சி. பிள்ளைகள் பத்து வயதைத் தாண்டியவர்கள், கால் வலிக்காரர்கள் யாரும் வண்டியில் இல்லை என்றால், ஒரே ஒரு தடவையாவது நெடுஞ்சாலையை விட்டுச் செஞ்சிக்குத் திரும்புங்கள். திண்டிவனத்திலிருந்து முப்பது கிலோமீட்டருக்குள்தான். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று குன்றுகளைச் சுவரால் இணைத்த கோட்டை. 2025 ஜூலையில் மராத்தியர் கோட்டைகளின் தொகுப்பில் ஒன்றாக யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. ராஜகிரி உச்சிக்குப் போய்வர முழுக் காலையும் வேண்டும். ஏறாவிட்டாலும் அடிவாரத்தில் கல்யாண மகால், களஞ்சியங்கள், குளம் என்று ஒன்றரை மணி நேரம் போவதே தெரியாது.

செஞ்சியிலிருந்து வந்த வழியே திரும்ப வேண்டியதில்லை, நேராக விழுப்புரம் போகும் சாலை உண்டு. அந்தச் சாலையில்தான் மண்டகப்பட்டு. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் பிரம்மா, ஈசுவரன், விஷ்ணு மூவருக்கும் விசித்திரசித்தன் எடுத்த ஆலயம் என்று கல்வெட்டுச் சொல்லும் குடைவரை அங்கே இருக்கிறது. விசித்திரசித்தன் என்பது முதலாம் மகேந்திரவர்மன். தமிழ்நாட்டுக் கல் கோயில்களின் கதையை இந்தச் சின்னப் பாறையிலிருந்துதான் ஆரம்பிப்பார்கள். பார்க்க இருபது நிமிடம் போதும், மரநிழலும் உண்டு. செஞ்சி என்று முடிவு செய்தால் மதுராந்தகத்தை விட்டுவிடுங்கள். இரண்டும் ஒரே காலையில் ஒத்துவராது.

விக்கிரவாண்டி முதல் தொழுதூர்வரை

இது ஓடித் தீர்க்க வேண்டிய பகுதி. விக்கிரவாண்டிச் சுங்கச்சாவடியை ஒட்டி ஓட்டல்கள் வரிசையாக இருக்கின்றன. சின்ன நிறுத்தம் அங்கே ஒன்று. தஞ்சாவூர், கும்பகோணம் போகிறவர்கள் விக்கிரவாண்டியில் பிரிந்துவிடுவார்கள். அவர்களுக்குப் பின்னால் தெரியாமல் போய்விடாதீர்கள், நான் ஒரு தடவை பண்ருட்டிப் பக்கம் போய்த்தான் திரும்பினேன். உளுந்தூர்பேட்டையிலும் இதே கதை, அங்கே பிரிவது சேலம் சாலை.

கோடையில் திண்டிவனத்திலிருந்து விழுப்புரம்வரை சாலையோரம் நுங்கும் தர்பூசணியும் குவித்திருப்பார்கள். நுங்கை வெட்டிய உடனே அங்கேயே நின்று சாப்பிடுங்கள். ஏற்கெனவே அறுத்து வைத்த தர்பூசணித் துண்டு வேண்டாம். முழுப் பழமாக வாங்கி வண்டியில் போட்டுக்கொண்டால் திருச்சியில் அறுத்துக்கொள்ளலாம்.

ரஞ்சன்குடி, சாத்தனூர், சிறுவாச்சூர்

பெரம்பலூருக்கு வடக்கே இருபது கிலோமீட்டருக்குள், மங்கலமேட்டுக்குப் பக்கத்தில், நெடுஞ்சாலையிலிருந்தே கண்ணில் படும் கோட்டை ரஞ்சன்குடி. எத்தனையோ பேர் "அது என்ன கோட்டை?" என்று கேட்டுக்கொண்டே 90 கிலோமீட்டர் வேகத்தில் கடந்துவிடுகிறார்கள். ஆர்க்காட்டு நவாபுக்குக் கீழே இருந்த ஜாகீர்தார் 17-ஆம் நூற்றாண்டில் கட்டியது. சுற்றிலும் அகழி, அடுக்கடுக்காக ஏறும் கல் மதில்கள். 1751-ல் கர்நாடகப் போரின்போது, நவாப் பதவிக்குப் போட்டியிட்ட சந்தா சாகிபின் பிரெஞ்சுப் பக்கமும் முகமது அலியின் ஆங்கிலேயப் பக்கமும் இந்தப் பகுதியில் மோதியதை வாலிகொண்டா போர் என்பார்கள். மதிலின் மேல் நின்றால் நாம் வந்த சாலையும் போகப்போகிற சாலையும் நேர்கோடாகத் தெரியும். இந்தச் சாலையைக் காவல் காக்கக் கோட்டையை ஏன் இங்கே வைத்தார்கள் என்று அந்த இடத்தில் நின்றால் சின்னப் பிள்ளைக்கும் புரிந்துவிடும். மதில் ஓரங்களில் தடுப்பு எல்லா இடத்திலும் இல்லை, பிள்ளைகளின் கையை விடாதீர்கள். பெரியவர்கள் கீழ்ப்பகுதியில் நிழலில் உட்காரலாம். உள்ளே கடை கிடையாது, தண்ணீர் கையில் இருக்கட்டும்.

சென்னையிலிருந்து வரும்போது இங்கே வந்து சேரப் பதினொரு மணி ஆகிவிடும், வெயில் உச்சிக்கு ஏறியிருக்கும். அதனால் ரஞ்சன்குடியை நான் எப்போதும் திரும்பும் பயணத்துக்கு வைக்கிறேன். மதுரையில் ஐந்தரைக்குக் கிளம்பி, வழியில் காலைச் சாப்பாட்டை முடித்தால் ஒன்பது மணிவாக்கில் கோட்டை.

கல்லில் ஆர்வம் உள்ள பிள்ளை வீட்டில் இருந்தால் சாத்தனூர் கல்மரத்தையும் சேருங்கள். ஆலத்தூர் வட்டத்தில் உள்ளே இருக்கிறது. போய்வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பதினெட்டு மீட்டர் நீளத்துக்குக் கல்லாகிப்போன மரம் ஒன்று படுத்துக் கிடக்கிறது. இந்திய நிலவியல் ஆய்வுத்துறையின் எம்.எஸ். கிருஷ்ணன் 1940-ல் இதைப் பற்றி முதலில் எழுதினார். பூக்கும் தாவரங்கள் பெருகுவதற்கு முந்தைய ஊசியிலை மர வகை. பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன்னால் கடல் இந்தப் பக்கம்வரை வந்திருந்தபோது, ஆற்று வெள்ளம் அடித்துக்கொண்டு வந்து கடலில் புதைத்த மரம் இது. பெரம்பலூரில் கடலா என்று என் பொண்ணு கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லியே சமயபுரம் வந்துவிட்டது.

திங்கள் அல்லது வெள்ளி என்றால் சிறுவாச்சூர். பாடாலூர்ப் பக்கம் சாலையோரம் சின்ன வெங்காயம் மூட்டை போட்டு விற்பார்கள். பெரம்பலூர் மாவட்டத்துச் சின்ன வெங்காயத்துக்குப் பெயர் உண்டு. அம்மா ஐந்து கிலோவுக்குக் குறைந்து வாங்கியதில்லை. டிக்கியில் இடம் விட்டு வையுங்கள், சாக்கில் காற்றுப்படும்படி வையுங்கள். பிளாஸ்டிக் பையில் கட்டினால் வீடு சேர்வதற்குள் வியர்த்துவிடும்.

இரவு: திருச்சி

சென்னைக்கும் மதுரைக்கும் நடுவே ஓர் இரவு தங்க முடியுமானால் தங்கிவிடுங்கள். செலவு கூடும்தான். ஆனால் பெரியவர்கள் இருக்கும் வண்டிக்கு இதைவிட நல்ல முடிவு வேறில்லை. மதியம் ஒரு மணிக்குத் திருச்சி சேர்ந்து, சாப்பிட்டுப் படுத்து எழுந்து, ஐந்து மணிக்கு மேல் ஒரே ஓர் இடம். மலைக்கோட்டைக்கு நானூறு படிக்கு மேல், பெரியவர்களுக்கு வேண்டாம். ஸ்ரீரங்கம் போங்கள். சமதளம், அகலமான பிராகாரம், 236 அடி ராஜகோபுரம். பல நூற்றாண்டு மொட்டையாக நின்று 1987-ல்தான் முடிந்த கோபுரம் அது. உள்ளே நடை தூரம் அதிகம், ஆகவே அவசரப்படாமல் ஒரு சுற்றோடு நிறுத்திக்கொள்ளலாம்.

திருச்சிக்குத் தெற்கே: மூன்றாகப் பிரிந்த வழி

இரண்டாம் நாள் சுலபம், மதுரைக்கு 130 சொச்சம் கிலோமீட்டர்தான். விராலிமலை முருகன் கோயிலுக்கு இருநூறு படிக்கு மேல் உண்டு. ஏற முடிந்தவர்கள் ஏறட்டும், மற்றவர்கள் அடிவாரத்தில் மயில் பார்க்கட்டும். முருகனுக்குச் சுருட்டுப் படைக்கும் வழக்கம் உள்ள ஊர் இது.

விராலிமலையைத் தாண்டிச் சில கிலோமீட்டரில் கொடும்பாளூர். மூவர் கோயில் என்று பெயர், இப்போது நிற்பது இரண்டு. மூன்றாவதற்கு அடித்தளம் மட்டும். 10-ஆம் நூற்றாண்டில் இருக்குவேளிர் என்ற சிற்றரசர் மரபின் பூதி விக்கிரமகேசரி தன் பெயராலும் இரண்டு தேவியர் பெயராலும் எடுத்தது. புல்தரை, மரநிழல், கூட்டமே இல்லை. குழந்தைகள் ஓடலாம், பெரியவர்கள் உட்காரலாம். குடும்ப நிறுத்தத்துக்கு இதைவிடத் தோதான இடம் இந்த வழியில் நான் பார்க்கவில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளும் மதுரைக்கு நடக்கும்போது, வழியில் சந்தித்த மறையவன் ஒருவன் சொல்லும் வழிக்குறிப்பில் இந்தக் கொடும்பை வருகிறது. இங்கே வழி சிவபெருமானின் சூலம்போல மூன்றாகப் பிரியும். வலப்பக்கம் போனால் சிறுமலை, இடப்பக்கம் போனால் அழகர்மலை, நடுவில் இன்னொரு வழி. ஒவ்வொன்றிலும் என்ன மரம், எங்கே நீர், எங்கே ஆபத்து என்று அவன் விவரமாகச் சொல்கிறான். இன்றும் சிறுமலை வலப்பக்கம்தான், அழகர்மலை மதுரைக்கு முன்னால்தான். பிள்ளைகளிடம் வரைபடத்தைக் கொடுத்து இரண்டையும் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.

அதற்கு மேல் துவரங்குறிச்சி, மேலூர் வழியாக ஒரே ஓட்டம். யானைமலை படுத்த யானையாக வலப்பக்கம் தெரிந்தால் ஒத்தக்கடை வந்துவிட்டது.

கைவசம் இருக்க வேண்டியவை

சாப்பாடு முதல் வேளையாவது வீட்டிலிருந்து வரட்டும். மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவிய இட்லி வாழையிலையில் மதியம்வரை தாங்கும், புளிச்சோறு இரவுவரை தாங்கும். வாந்தி வரும் பிள்ளைக்குக் காலையில் நெய்ப் பொங்கல் கொடுக்காதீர்கள். காலி வயிற்றோடும் கூட்டிப் போகாதீர்கள். இரண்டு இட்லி, முன்சீட்டுக்குப் பின்னால் நடுவில் இடம், கையில் ஓர் எலுமிச்சம்பழம், போன் பார்க்கத் தடை. மாத்திரைகளைப் பெட்டியில் வைத்து டிக்கியில் பூட்டிவிடாமல் கைப்பையில் வையுங்கள். சாப்பிட்ட இலையையும் காகிதத்தையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள்.

சுங்கச்சாவடிகள் எட்டு: பரனூர், ஆத்தூர், விக்கிரவாண்டி, செங்குறிச்சி, திருமாந்துறை, சமயபுரம், பூதக்குடி, சிட்டம்பட்டி. ஃபாஸ்டாகில் பணம் இருக்கிறதா என்று முந்தின நாளே பாருங்கள். அடிக்கடி போகிறவர்களுக்குச் சொந்தக் காருக்கான ஆண்டு பாஸ் 2025 ஆகஸ்ட் 15 முதல் இருக்கிறது. அறிமுகமானபோது 3,000 ரூபாய், ஓர் ஆண்டு அல்லது 200 தடவை, எது முந்துகிறதோ அதுவரை. மதுரைக்கு ஒரு தடவை போய்வந்தால் பதினாறு கழியும்.

எவ்வளவு அவசரமானாலும் நெடுஞ்சாலை ஓரத்தில் நிறுத்தி யாரையும் இறக்காதீர்கள். பங்க், ஓட்டல், சுங்கச்சாவடி, இல்லையென்றால் சர்வீஸ் ரோடு. விளக்கில்லாமல் ஓரம்கட்டிய லாரிகள் இரவில் தெரியாது; குடும்பத்தோடு நள்ளிரவில் ஓட்டவே வேண்டாம். வண்டி நின்றுபோனால் எல்லோரையும் இறக்கித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நிற்க வைத்துவிட்டு 1033-ஐ அழையுங்கள், அது தேசிய நெடுஞ்சாலை உதவி எண். காயம் என்றால் 108.

திரும்பும் நாள்

ஞாயிறு மாலையும் பொங்கல், தீபாவளி விடுமுறையின் கடைசி நாளும் செங்கல்பட்டிலிருந்து பெருங்களத்தூர்வரை வண்டிகள் ஊர்ந்துதான் போகும். மதியம் இரண்டு மணிக்குள் திண்டிவனத்தைத் தாண்டிவிட வேண்டும். முடியாது என்று தெரிந்தால் அவசரப்பட்டு அந்த வரிசையில் போய் மாட்டாதீர்கள். பெரியவர்களை விக்கிரவாண்டியிலேயே இறக்கி, காபி வாங்கிக் கொடுத்து, கால் நீட்டி உட்கார வைத்து, ராத்திரிச் சாப்பாட்டையும் அங்கேயே முடித்துக்கொண்டு எட்டு மணிக்கு மேல் கிளம்புங்கள். பிள்ளைகள் தூங்கிக்கொண்டே வருவார்கள், வீட்டு வாசலில் வெங்காய மூட்டையை இறக்கும்போது எழுப்பினால் போதும்.